நாளைக்கு ரேட் ஏறும்

முதல் தடவை விண்ணப்பித்தபோது என்னிடம் மதிப்பெண்கள் மட்டும்தான் இருந்தன. நிதிச் சந்தையைக் கணிதத்தால் அளக்கும் மேற்படிப்பு அது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்துவது. வேலையை விடாமல் துபாயிலிருந்தே படிக்கலாம். வேலை அனுபவம் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். வாங்கிய மதிப்பெண்ணை ஊறுகாய் போடவா என்று எரிச்சலாக வந்தது.

பிறகு துபாயின் அல் குசைஸ் பகுதியில் ஒரு பணமாற்று நிறுவனத்தில் சேர்ந்தேன். ஊருக்குப் பணம் அனுப்ப எவ்வளவு கூட்டம் வரும், அதற்கு எவ்வளவு ரூபாய் வாங்கி வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணிப்பது என் வேலை. சில வருடம் கழித்து மறுபடி விண்ணப்பித்தேன். இதுவும் போனால் படிப்புப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று கணவரிடம் சொல்லியிருந்தேன்.

நேர்காணலன்று அவர் லீவு போட்டுவிட்டு, மகளை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் உருப்போட்ட சூத்திரம் ஒன்றைக்கூடக் கணினித் திரையில் இருந்தவர்கள் கேட்கவில்லை. "உங்கள் கணிப்பு எப்போது பொய்த்தது?" என்றார் பேராசிரியர். தொலைந்தோம் என்று நிமிர்ந்தால், எதிரே இவர் முகம். பதில் கிடைத்துவிட்டது.

ஒரு சம்பள வாரத்தில் கூட்டம் அலைமோதும் என்று கணித்தேன். ரூபாயை வாங்கிக் குவித்தோம். கவுன்ட்டரில் ஈ ஓட்டினார்கள். மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, "ஏங்க, ஊருக்குப் பணம் அனுப்பிட்டீங்களா?" என்றேன்.

"அவசரப்படாத. ரூபா விழுந்துக்கிட்டே இருக்குல்ல? நாளைக்கு ரேட் இன்னும் ஏறும், ஒரு திர்ஹாமுக்குக் கூடுதலா ரூபா கிடைக்கும்."

அடப்பாவி மனுஷா! ஊரே இப்படித்தான் காத்திருக்கிறது. அதில் ஒருவர் என் வீட்டு சோஃபாவிலேயே இருக்கிறார். ரேட் ஏறும் நாட்களில் ஜனங்கள் பொறுத்திருப்பார்கள் என்பதை மறுநாளே கணிப்பில் சேர்த்தேன். அதன் பிறகு அது அவ்வளவாகப் பொய்க்கவில்லை. இதைச் சொன்னதும் திரையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். இவர் மட்டும் என்னை முறைத்தார்.

இடம் கிடைத்தது. "உங்க புண்ணியத்துலதாங்க" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்பணத்தைப் பவுண்டில் கட்ட வேண்டும். "ரெண்டு நாள் பொறுங்க, பவுண்ட் இறங்குற மாதிரி இருக்கு" என்றேன்.

"போடி, இதுக்குப் போய்க் கணக்குப் பாப்பாங்களா?" என்று போனை எடுத்து அப்போதே கட்டிவிட்டார். அன்றைக்கு ரேட் என்னவென்று அந்த மனிதர் கேட்கவே இல்லை.