அம்மணி என்கிற இனியா

இனியாவின் ஆதார் அட்டையில் அவள் பெயர் அம்மணி.

அவளுக்கு ஐந்து வயதில் நடந்த கூத்து அது. மேட்டுப்பாளையத்தில் முகாம் போட்டிருந்தார்கள். அம்மா சின்னத்தாயி பாக்கு மண்டியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். கம்ப்யூட்டர்காரர் நிமிர்ந்து, “உம் பேரென்ன அம்மணி?” என்றார். இந்தப் பக்கத்தில் பெண்பிள்ளை என்றால் பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரைக்கும் அம்மணிதான். அதுவே தன் பெயர் என்று இனியாவும் நம்பியிருந்தாள். “அம்மணி” என்றாள் கணீரென்று. அவரும் தட்டிவிட்டார். சின்னத்தாயிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது.

பள்ளியில் பிறப்புச் சான்றின்படி இனியா என்றே சேர்த்திருந்தார்கள்; பள்ளி முடியும்வரை இந்த இரட்டைப் பெயர் நல்ல வேடிக்கையாகவே ஓடியது. “மரியாதையாப் பேசுங்கடி, அரசாங்கமே என்னை அம்மணிங்குது” என்று அட்டையைக் காட்டி வகுப்பையே சிரிக்கவைப்பாள்.

வேடிக்கை தாரிக்கின் நெட் சென்டரில் நின்றுபோனது. கோயம்புத்தூரில் பி.எஸ்சி.க்கு இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகைக்கு விண்ணப்பித்த ரசீதைக் காட்டினால் கட்டணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அன்று வியாழன். அம்மாவும் மகளும் சேர்ந்து வந்திருந்தார்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல் என்று ஒவ்வொன்றாகத் தாரிக் ஏற்றினான். கடைசியில் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: பெயர் பொருந்தவில்லை.

“இன்னொருக்கா தட்டுங்கண்ணா.”

“நாலாவது தடவை தட்டிட்டேன். அம்மணிக்கு ஆதார் இருக்குது, பேங்க் பாஸ்புக் இருக்குது. ஆனா அவ ஒண்ணாவதுகூடப் படிக்கல. இனியா பன்னெண்டாவதுல ஐந்நூத்திப் பத்து. ஆனா அப்படி ஒரு ஆளே கெடையாது.”

“அப்ப என்ற மார்க்க அம்மணிக்கே குடுத்துப்போடுங்க. படிக்காமயே பாஸாகட்டும் அந்த ராசாத்தி.”

தாரிக் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

“ஏனுங் தம்பி, அட்டைல பேர மாத்திப்போட்டா ஆச்சுங்களா?” என்றாள் சின்னத்தாயி.

“எழுத்துப் பிழைன்னா சட்டுன்னு திருத்திரலாங்க்கா. இது பேரே வேற. அரசிதழ்ல போட்டு வந்தாத்தான் நடக்கும். மாசக்கணக்குல ஆகும்.”

கேட்காமலே பெயர் மாற்றப் படிவத்தை அச்செடுத்து நீட்டினான். பழைய பெயர், புதிய பெயர், மாற்றத்துக்கான காரணம். காரணத்தில் இனியாவின் பேனா நின்றது.

“எம்பட மேலயே பழியப் போட்டு எழுது கண்ணு. அறிவு கெட்டவ, பக்கத்துலயே நின்னும் பாக்காம உட்டுப்போட்டான்னு.”

“அத்தனைக்கு எடமில்லம்மா. ஒரு வரிதான் உட்டிருக்காங்க.”

‘வீட்டில் செல்லமாக அழைத்ததால்’ என்று எழுதினாள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

“கீழ ரெண்டு கையெழுத்து” என்றான் தாரிக். “பழைய பேர்ல ஒண்ணு, புதுப் பேர்ல ஒண்ணு.”

இனியா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே போடுவாள். அம்மணி என்று ஒருநாளும் போட்டதில்லை. ஒவ்வோர் எழுத்தாக, பலகையில் எழுதப் பழகுகிறவள் மாதிரி எழுதினாள். அது கோணிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போனது.

படிவத்தை மடித்தபடி, “மண்டில பாக்கு உரிக்க ஆள் பத்தலைன்னு நேத்து சொன்னியேம்மா. என்னைக்கு வரச் சொன்னாங்க?” என்றாள்.

சின்னத்தாயி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அன்று காலைகூட மண்டியில் அவளிடம் ஆள் கேட்டிருந்தார்கள்.

“அதெல்லாம் காத்தாலயே ஆள் சேந்துபோச்சு கண்ணு” என்றாள்.