அவர் சொல்லி முடிக்கும்வரை

காலையில் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். நரிக்குடி பஸ் கண்டக்டர் இறங்கி வந்து, "பாத்திரக்கடை அண்ணாச்சி போயிட்டாக. மக வீட்டுலதான் இருந்தாக" என்றார். தூக்கிய ஷட்டரை அப்படியே கீழே இழுத்துவிட்டேன். அண்ணாச்சி கடையும் என் கடையும் அடுத்தடுத்துத்தான்.

அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் குடம் வாங்கிய உங்களுக்கெல்லாம் அவருடைய திக்குவாய் தெரியும். பாதி வார்த்தையில் நிற்பார். மீதியை நாம் சொல்லிவிடுவோம். உதவி செய்கிறோம் என்று நமக்கு நினைப்பு. அவர் முகம் சுண்டிப்போகும்.

எண்பதுகளில் ஒரு சரித்திரப் படம் வந்தது. வாய் திக்கும் இளவரசன் ராஜாவாகிச் சபையில் பேசியாக வேண்டும். அண்ணாச்சி என்னை இழுத்துக்கொண்டு போனார், மறுநாளும் இழுத்தார்.

"கடைசியில என்னமாப் பேசுறான், பாத்தீங்களா அண்ணாச்சி!" என்றேன்.

"அ... அது கெடக்கட்டும் தம்பி. அவன் தி... திக்கி நிக்கையில ஒருத்தனும் எடுத்துக் கு... குடுக்கலையே. அதைப் பாக்கத்தான் திரும்ப வந்தேன்."

பிறகு சில வருஷம் கழித்து மகள் கஸ்தூரிக்கு நரிக்குடியில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயத்தன்று பெண்ணின் அப்பா தாம்பூலத் தட்டை ஏந்தி, பெண்ணைத் தருகிறேன் என்று சபையறியச் சொல்ல வேண்டும். அந்த வீட்டு விசேஷங்களில் பேசுவதெல்லாம் அவருடைய அண்ணன்காரர்தான். இதை மட்டும் நானே சொல்வேன் என்று அண்ணாச்சி ஒற்றைக்காலில் நின்றார். படத்தில் ராஜா முரசுச் சத்தத்துக்குப் பேசிப் பழகியதுபோல, இவர் பித்தளைக் குடத்தைத் தட்டித் தட்டிப் பழகினார். எனக்குத் தலைவலி வந்தது; அவருக்கு வாக்கியம் வந்துவிட்டது.

சபையில் வரவில்லை. "எம் மக க... க..." என்று நின்றுவிட்டார். தட்டில் தேங்காய் ஆடியது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன்காரர் வாயைத் திறந்தார்.

உள்ளேயிருந்து கஸ்தூரியின் குரல் கேட்டது. "பெரியப்பா, சும்மா இருங்க. எங்கப்பாவே சொல்லட்டும்."

எல்லோரும் காத்திருந்தோம். "க... கஸ்தூரிய உங்க வீட்டுக்குத் தாறேன்" என்று சொல்லி முடித்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. நான் அழுதுவிட்டேன்.

போன மாதம் நரிக்குடி போனேன். வாதம் வந்து படுத்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு "அ... அ..." என்றார். நான் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிடித்த கையோடு தூங்கிப்போனார்.

"அன்னைக்கி அப்பா என்ன சொல்ல வந்தாக, சித்தப்பா?" என்று எழவு வீட்டில் கஸ்தூரி கேட்டாள். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அவளும் அவசரப்படுத்தாமல், நான் சொல்லும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் கடையில் யார் பேசினாலும் குறுக்கே விழுவதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். நீங்கள் சொல்ல வந்ததற்கும் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன், அண்ணாச்சி.