பூநாரைக் காவலரின் தொண்டை

“சத்தம் போடாதேங்கோ, வெருண்டிடும்!” என்று அப்புத்துரை சொல்வது கடலேரியின் அக்கரைக்கும் கேட்கும். அவர் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பறவைகள் எழும்பியிருக்கும். மீதிப் பாதி, “ஐயோ, நான் மெல்லமாய்த்தானே சொன்னனான்” என்று அவர் விளக்கம் கொடுக்கையில் போய்விடும்.

கிளிநொச்சிக்குக் கிழக்கே, கடலேரியை ஒட்டிய தேசியப் பூங்காவில் பறவைகளுக்குக் காவலும் பார்க்க வருவோருக்கு வழிகாட்டலும் அவருடைய தற்காலிக வேலை. முதலை கிடந்த ஈரத் தடத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டிப் போவார். பூநாரையைக் கண்டால் மட்டும் மனிதர் உருகிவிடுவார். “நடையைப் பாருங்கோ. புதுச் செருப்பு சேறாகிடும் எண்ட மாதிரி எல்லோ காலைத் தூக்குறா!”

பிழை முழுக்கத் தொண்டையில்தான். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லுக்கு வந்த கிளியையும் குருவியையும் ஐம்பது வயதுவரை கத்திக் கலைத்தவர் அவர். இப்போதும் பறவைகள் கூட்டமாகத் தாழப் பறந்தால் வாய் தன்பாட்டில் “ஊஊய்!” என்று திறந்துவிடும். கை மண்ணாங்கட்டி தேடும். “கோயிலிலை புறா பறந்தாலும் இந்த மனுசன் கத்துது. நான் எங்கை கொண்டுபோய் முகத்தை வைக்கிறது?” என்பது மனைவி இராசமலரின் முறைப்பாடு.

போன மாதம் வவுனியாவிலிருந்து பார்க்க வந்தவர்களின் தலைக்கு மேலே பூநாரைகள் வந்தன. அப்புத்துரை ஓர் “ஊஊய்” விட்டார். கடலேரி வெறுமையாயிற்று. வந்தவர்கள் வேறு வழியின்றி அப்புத்துரையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். விஷயம் பொறுப்பதிகாரி சுதாகரனின் காதுக்குப் போய்விட்டது.

“அண்ணை, சனிக்கிழமை நானே வாறன். இன்னொருக்கால் கத்தினீங்கள் எண்டால், பிறகு வரத் தேவையில்லை.”

அப்புத்துரைக்குச் சோறு இறங்கவில்லை. வயலுக்குத் திரும்பிப் போகலாம்தான். ஆனால் இந்தச் செம்மூக்குகளைப் பாராமல் ஒரு காலைப்பொழுதை எப்படிக் கழிப்பது? நினைத்தாலே அழுகை வந்தது.

சனிக்கிழமை இருவரும் கண்டல் மரங்களுக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள். அப்புத்துரை முன்னெச்சரிக்கையாக இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பூநாரைக் கூட்டம் தலையை உரசுவதுபோல் வந்தது. கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, அடைபட்ட “ஊஊய்” மூக்கு வழியாக “ங்ங்” என்று மட்டும் வெளியேறியது. பறவைகள் இறங்கின. ஒவ்வோர் அடியாக அவர்கள் பக்கமே வந்தன.

கந்தோர் மேசையில் இருந்தபடி படத்தில் மட்டுமே அவற்றை இவ்வளவு கிட்டத்தில் பார்த்திருந்த சுதாகரன் எல்லாவற்றையும் மறந்தார். துள்ளி எழுந்து, “அண்ணை! அங்கை பாருங்—” என்று வாயைத் திறந்தார்.

அப்புத்துரையின் வலது கை தன் வாயை விட்டுப் பாய்ந்து அதிகாரியின் வாயை இறுகப் பொத்தியது. இடது கையைத் தன் வாயிலிருந்து அவர் எடுக்கவில்லை.