வானொலியில் ஃபெர்டினாவின் பெயர்

ஃபெர்டினா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் டொமினிக்கா தீவில் யாரும் இல்லை. வண்டி ஓட்டும் இருக்கையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சுற்றுலாக் கப்பல் வரும் நாளில் மற்ற டிரைவர்கள் ரோசோ துறைமுகத்து நிழலில் டோமினோ காய் தட்டிக்கொண்டிருப்பார்கள். இவள் மட்டும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்போல் நடையாய் நடப்பாள்.

"அருவி, கந்தகச் சேறு, கடலுக்குள்ள குமிழி விடற இடம், ரெண்டு கடலும் ஒட்டற முனை! ஏறுங்க, ஏறுங்க! கப்பல் கிளம்பறதுக்குள்ள கொண்டாந்து விட்டுடுவேன்!"

அவளைக் கட்டியவன் ஒரு வருஷம்தான் தாங்கினான். "உன்கூட வாழறது ஓடற பஸ்ல நின்னுக்கிட்டு சோறு திங்கற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு பக்கத்துத் தீவான குவாதலூப்புக்குப் படகேறிவிட்டான். அவன் போனதற்கு அழவும் அவளுக்கு நேரம் இருக்கவில்லை என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அந்த வாரம் அவளுடைய தவிப்பு இரட்டிப்பாகியிருந்தது. தெற்கே ஸ்காட்ஸ் ஹெட் என்ற ஊரில் ஒக்டேவ் கஸிமிர் என்ற கிழட்டு மீனவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஃபெர்டினாவைப் பெற்றவர் அவர்தான். அது ஊருக்குத் தெரியும், தேவாலயத்துக்குத் தெரியாது. அவள் பிறந்து ஒரு வருஷத்துக்குள் அவர் வேறொருத்தியை முறையாகக் கட்டிக்கொண்டார். அங்கே நான்கு பிள்ளைகள்: மார்வ்லின் என்ற பெண்ணும் மூன்று ஆண்களும். ஃபெர்டினாவை ஒரு நாளும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால், வானொலியில் யார் யார் பெயரை வாசிக்கிறார்கள் என்பதற்குத்தான் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். மனைவி, பிள்ளைகள், நியூயார்க்கில் இருக்கும் மருமகன், எதிர்வீட்டுக்காரி வரை ஒன்று விடாமல் வரும். கல்யாணத்துக்கு வெளியே பிறந்தவர்களைச் சில குடும்பங்கள் கடைசியில் ஒட்டவைக்கும். சில குடும்பங்கள் 'பெயர் சொல்லி மாளாத ஏனைய உறவினர்கள்' என்று ஒரேயடியாகப் பெருக்கித் தள்ளிவிடும். அப்படித் தள்ளப்பட்டவர்கள் அன்றைக்குக் கடைக்குக்கூடப் போகமாட்டார்கள்.

ஃபெர்டினாவுக்கு அவருடைய நிலம் வேண்டாம், படகு வேண்டாம். பிள்ளைகளின் பெயரோடு தன் பெயரும் ஊர் அறிய வந்தால் போதும்.

இரண்டு கடலும் ஒட்டும் முனைக்குப் போகிற ஒரே சாலை கிழவர் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. இரண்டு வருஷங்களுக்கு முன் ஒருநாள், வராந்தாவில் மர நாற்காலியில் இருந்தவர் இவள் வண்டி வாசல் வளைவில் திரும்பியதும் கையைத் தூக்கினார். தனக்குத்தான் தூக்கினார் என்று ஃபெர்டினா நினைத்தாள். மறுநாள் டிரைவர் க்ளெமன்டிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"உனக்கு மட்டுமா? அந்தக் கிழவர் எல்லா வண்டிக்கும் தூக்குவாரு. குப்பை வண்டிக்கும் தூக்குவாரு!"

அதன் பிறகு அந்த வளைவு வந்தாலே அவள் வேகத்தைக் கூட்டினாள்.

அன்றைக்கு வண்டியில் ஆறு பேர், கனடாக்காரர்கள். அருவியில் இறக்கிவிட்ட வேகத்திலேயே ஏறச் சொன்னாள்.

"என்னம்மா, இன்னும் கால்கூட நனைக்கலையே?" என்றார் ஒருவர்.

"அருவி எங்கேயும் போகாது சார். கப்பல் போயிடும்!"

காலை மரண அறிவிப்பு வரும்போது வண்டி வானொலிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதுதான் அவளுடைய அவசரம். மலையிலிருந்து இறங்கிக் கடலோரச் சாலையைப் பிடித்தபோது அது தொடங்கியது. "ஸ்காட்ஸ் ஹெட்டைச் சேர்ந்த ஒக்டேவ் கஸிமிர் இன்று அதிகாலை காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன்…"

அவள் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். போய்விட்டார். மனைவி பெயர் வந்தது. "அவருடைய பிள்ளைகள்" என்று தொடங்கியபோது, பின்னால் இருந்து மஞ்சள் தொப்பி போட்ட ஓர் அம்மாள் கழிப்பறை எங்கே என்று கேட்டாள்.

"அடுத்த ஊர்ல இருக்கும்மா, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாள் ஃபெர்டினா. அவசரம் இல்லை. தன் பெயர் வந்தால் கடைசியில்தான் வரும். மறுபடி காதைக் கொடுத்தாள். மார்வ்லின் பெயர் வந்தது. அப்புறம் மூன்று ஆண்கள். அவள் வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள். அடுத்து வந்தது பேரப்பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் மச்சான்கள், மாதாகோயில் பாட்டுக்குழு, பெயர் சொல்லி மாளாத ஏனைய உறவினர்கள்.

வானொலியைப் பட்டென்று அணைத்தாள். செத்தும் கெடுத்தார் என்று வாய்க்குள் திட்டினாள். திட்டியதற்காகத் தன்னையும் திட்டிக்கொண்டாள்.

குமிழிக் கடலில் முகமூடி மாட்டிக்கொண்டு மிதந்தவர்கள் கரையேறி வந்து, "அந்த நீல மீன் பேர் என்ன?" என்று கேட்டார்கள்.

"மீன்தான்" என்றாள்.

ஸ்காட்ஸ் ஹெட் வளைவில் அந்த வீட்டு முற்றம் நிறைய ஜனம். நாற்காலி காலியாக இருந்தது. யாரோ சாலைக்கே வந்து நிறுத்தச் சொல்லிக் கையாட்டினார்கள். அவள் ஹார்னை அழுத்திக்கொண்டு பறந்தாள். கூப்பிடு தூரத்தில் இருந்த முனையில் ஆட்களை இறக்கிவிட்டு, "இந்தப் பக்கம் அமைதியான கடல், அந்தப் பக்கம் அட்லாண்டிக், குளிக்கிறவங்க இந்தப் பக்கமே குளிங்க" என்று ஒப்பித்து முடிப்பதற்குள், மார்வ்லின் மூச்சிரைக்க வந்து நின்றாள். கையெல்லாம் மாவு. ரொட்டி பொரிப்பதற்குப் பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே ஓடிவந்திருந்தாள்.

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா அக்கா? செத்த வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தாம போறியே!"

மார்வ்லின் அதுவரை அவளை டிரைவரம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"யாருக்கு யாரு அக்கா?" என்றாள் ஃபெர்டினா. "நான் பேர் சொல்லி மாளாத கூட்டம். ரேடியோவுல கேட்டேன். பேரப்புள்ளைங்க வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"பேரப்புள்ளைங்க வரைக்குமா? ஆரம்பத்துல கேக்கலையா?"

"ஆரம்பத்துல எனக்கு என்ன வேலை?"

மார்வ்லின் தலையில் அடித்துக்கொண்டாள். மாவு நெற்றியில் அப்பியது. "மூத்தவளை யாராவது கடைசியில போடுவாங்களா? பேச்சு நிக்கறதுக்கு முந்தி அப்பா, 'எனக்குப் பிள்ளைங்க அஞ்சு, எழுதிக் குடுங்க'ன்னுட்டாரு. அம்மாவுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு, ஆனா வாயைத் திறக்கல. பெட்டியில வைக்க எந்தச் சட்டை போடறதுன்னு மூத்தவ வந்து சொல்லட்டும்னு காலையிலேர்ந்து உக்காந்திருக்கோம். நீ என்னடான்னா ஹார்ன் அடிச்சிட்டுப் போறே!"

ஃபெர்டினா நம்பவில்லை. வண்டிச் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டே அவள் பின்னால் நடந்தாள். பொய்யாக இருந்தால் அப்படியே திரும்பி ஓடிவிடலாம் அல்லவா?

மதிய அறிவிப்புக்காக ஜன்னலில் வானொலியை வைத்திருந்தார்கள். அறிவிப்பு தொடங்கியது. மனைவி பெயர் வந்தது. "அவருடைய பிள்ளைகள்: ஃபெர்டினா…"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. காலையிலிருந்து யாரும் தொடாமல் விட்டிருந்த மர நாற்காலியில் மார்வ்லின் அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். அங்கிருந்து பார்த்தால் வளைவு தெரிந்தது. கப்பல் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி போயிற்று.

"இங்கே உக்காந்து கைய தூக்குவாரு" என்றாள் ஃபெர்டினா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்குன்னு இல்ல. எல்லா வண்டிக்கும்."

"கண்ணுல புரை விழுந்து மூணு வருஷம் ஆச்சு அக்கா. எது உன் வண்டின்னு அவருக்குத் தெரியாது" என்றாள் மார்வ்லின். "உன் வண்டி தப்பிடக் கூடாதுன்னுதான் எல்லாத்துக்கும் தூக்கினாரு."

ஃபெர்டினா வாய்விட்டு அழுதாள். அந்த வளைவில் அவள் எத்தனை தடவை வேகத்தைக் கூட்டியிருப்பாள்!

அன்றைக்கு அந்த ஆறு பேரையும் கப்பலில் கொண்டுபோய் விட்டது க்ளெமன்ட். மஞ்சள் தொப்பி அம்மாள் போகிறபோது ஜன்னல் வழியாகக் கையைத் தூக்கினாள். ஃபெர்டினாவும் தூக்கினாள். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.