காந்தலூர் ஏற்றமும் எங்கள் பழைய டீசல் காரும்

மகளைக் காந்தலூரில் கட்டிக்கொடுத்த புதிதில், மறுவீட்டுக்குப் போன அன்று எங்கள் கார் மலையேற முடியாமல் நடுவழியில் நின்றுவிட்டது. பெருமாட்டியில் எங்களுக்குத் தென்னந்தோப்பு. ஊர் சமதரை. சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வர அந்தக் கார் ஒரு குறையும் வைத்ததில்லை. மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய டீசல் வண்டி. ஓட்டுவது நான்தான். என் வீட்டுக்காரருக்கு டிராக்டர் ஓட்டினால் போதும்.

உடுமலை, சின்னாறு வழியாக மறையூர் வரை நன்றாகத்தான் வந்தது. கோவில்கடவு தாண்டிச் சாலை நிமிர்ந்ததும் இழுவை போய்விட்டது. மூன்றாவது கியர் இரண்டாவதாகி, இரண்டாவது முதலாகி, பின்னால் கரும்புகை கிளம்பியது. ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி அப்படியே நின்றது. வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் அவர் மனைவியும் பட்டு வேட்டி சேலையோடு இறங்கி நடந்தார்கள். சம்பந்தி ஜீப்பில் வந்து சங்கிலி கட்டி எங்களை இழுத்துக்கொண்டு போனார்.

"வண்டிக்கு வயசாயிருச்சு சம்மந்தி. குடுத்துட்டு வேற ஒண்ணு வாங்கிருங்க" என்றார். நல்ல மனிதர், கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் அதிகமாகச் சுட்டது.

திரும்பி வந்ததும் வீட்டுக்காரரும் விற்றுவிடலாம் என்றார். கொழுந்தனார் வேறு ஒரு யோசனை வைத்திருந்தார்.

"கோயமுத்தூர்ல கம்ப்யூட்டரை மாட்டி இஞ்சின் பவரை ஏத்திக் குடுக்கறாங்களாமாங்க அண்ணி. ஒரே நாள்ல வேலை முடிஞ்சுரும்."

"இருக்கற பவர் எங்க போச்சுன்னு தெரியாம ஏத்தி என்னங்க பண்றது? கிளட்சு போயிரும்" என்றேன்.

எனக்கு அந்தக் கரும்புகைதான் மனதை விட்டுப் போகவில்லை. தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் டீசல் இஞ்சினை வருடக்கணக்காக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டால் அதுவும் இப்படித்தான் கறுப்பாகத் துப்பும். டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்றுப் போதவில்லை என்று பொருள். காருக்கு மட்டும் வேறு நியாயமா என்ன?

எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சித்தூரில் வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கேட்டவுடன் அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இத்தனை ஓடின வண்டிங்க்கா. இஞ்சினை இறக்கித்தான் ஆகோணும்."

"இறக்கறதுக்கு முன்னால கம்ப்ரெஷன் பாத்துரலாமுங்களா?"

ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று மீட்டர் மாட்டிப் பார்ப்பதுதான் அது. அங்கே அழுத்தம் குறைந்திருந்தால் அவர் சொன்னதுதான் சரி. ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்கிலும் முள் நன்றாக ஏறி நின்றது. மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இஞ்சின் கல்லாட்டம் இருக்குதுங்க்கா! வாங்க, காத்து எங்க போகுதுன்னு பாக்கலாம்."

அதன்பிறகு அவருக்கும் வேகம் வந்துவிட்டது. சிலிண்டர்களுக்குக் காற்றுப் போகும் பாதையைக் கழற்றினோம். உள்ளே தார் பூசியதுபோல் கரி. விரல் நுழையக்கூட இடமில்லை. அவர் மற்ற வண்டிகளைப் பார்க்க, நான் பட்டறைத் தரையில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டினேன். சாயங்காலம் அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தபோது ஒரு வயலையே களையெடுத்து முடித்த நிறைவு. காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளும் டர்போவிலிருந்து வரும் ரப்பர்க் குழாயில் கிளிப்புக்கு அடியில் ஒரு வெடிப்பு இருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். சும்மா நிற்கும்போது மூடிக்கொண்டு, ஏற்றத்தில் அழுத்தம் கூடினால் வாய் திறக்கும் வெடிப்பு. குழாயை மாற்றினோம். டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டர்களைக் கழற்றிக் கோயமுத்தூருக்கு அனுப்பிச் சுத்தம் செய்து வாங்கினார்.

வண்டி நன்றாகவே இழுத்தது. ஆனாலும் ஏதோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் எனக்குப் பட்டது. வாய்க்கால் மேட்டுச் சரிவில் நியூட்ரலில் போட்டுப் பார்த்தேன். உருள வேண்டிய வண்டி நின்றது. இறங்கிப் பின்சக்கரத்தைத் தொட்டால் கை பொசுங்கியது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது! பாதி பலத்தை அதுவே தின்றிருக்கிறது. போனில் சொன்னதும், "அதை நான் பாக்கலீங்களே அக்கா, இப்பவே கொண்டு வாங்க" என்றார் மெக்கானிக். அதையும் சரிசெய்தோம்.

மகளின் வளைகாப்புக்கு மறுபடி மலையேறினோம். அதே ஆட்கள், கூடவே பலகாரக் கூடைகள், வாழைத்தார், ஒரு மூட்டைத் தேங்காய். மறையூரில் இருக்கும்போது சம்பந்தி போன் செய்தார், "ஜீப்பை அனுப்பட்டுமா?" என்று.

"வேண்டாமுங்க சம்மந்தி, ஏறிப்போடும்" என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

கோவில்கடவு தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. டர்போவின் மெல்லிய விசில் கேட்டது. நாங்கள் நின்றுபோன வளைவு வந்தது. இரண்டாவது கியரில் திரும்பி, காலை அழுத்தினேன். என் முதுகு சீட்டில் பதிந்தது. அடுத்த நேர்ச்சாலையில் மூன்றாவதுக்கு மாற்றினேன். அப்போதும் வண்டி தளரவில்லை.

"மூணாவதுலயா போறே?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமாங்க."

கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார்.

"புகையே இல்லடா!" என்று தம்பியிடம் கத்தினார். என்னவோ அவரே சரிசெய்ததுபோல் அப்படி ஒரு பூரிப்பு. பின்சீட்டில் கொழுந்தனார் மனைவி கைதட்டினாள். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினேன்.

சம்பந்தி வாசலில் காத்திருந்தார். வரவேற்ற கையோடு பானெட்டைத் திறக்கச் சொல்லி, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, "சம்மந்தியம்மா தானே உக்காந்து சரிபண்ணி, தானே ஓட்டிட்டு வந்திருக்காங்க" என்று காட்டினார். எதை எப்படிச் செய்தோம் என்று அவர்கள் கேட்கக் கேட்க நான் விவரமாகச் சொன்னேன். கூச்சமே வரவில்லை. வீட்டுக்குள் மகள் கூப்பிடும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் கைக்கு வளையல் பூட்டும்போது, கிளம்புவதற்கு முந்தின நாள் இஞ்சினை மறுபடி துடைத்ததில் ஏறிய கரி என் நகக்கண்களில் அப்படியே இருந்ததைப் பார்த்தேன். எத்தனை தேய்த்தும் போகாத கரி. கையை இழுத்துக்கொள்ளப் போனேன். அவள் விடவில்லை. மாமியார் பக்கம் என் விரல்களைத் திருப்பி, "பாத்தீங்களா அத்தை, எங்கம்மா கை" என்றாள்.