அடியா, பிழையா

மெர்ல் ஓஸ்டர் எதையும் நன்றாக இருக்கிறது என்று சுலபத்தில் சொல்லிவிட மாட்டார். மனைவி ஆர்டிஸ் கல்யாணமான நாளிலிருந்து செய்துவரும் ருபார்ப் கேக்குக்கு அவரிடமிருந்து கிடைத்த உச்சகட்டப் பாராட்டு, "பரவாயில்ல." தேவாலயத்தில் பாதிரியார் சம்மதம் கேட்டபோதும் கொஞ்சம் யோசித்துத்தான் தலையாட்டினார் என்பது ஆர்டிஸின் குற்றச்சாட்டு.

மின்னசோட்டாவின் அந்தச் சிற்றூர் இதனாலேயே அவரைத் தன் பேஸ்பால் மைதானத்தின் ஸ்கோரராக உட்கார்த்தி வைத்திருந்தது. பந்து உருண்டு போய், அடித்தவன் தப்பி ஓடிவிட்டால், அது அவன் அடித்த அடியா, எதிரணிக்காரன் பிடிக்காமல் விட்ட பிழையா என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். பிழை என்றால் அடித்தவன் கணக்கில் ஏறாது.

கோடையில் ஆட வரும் கல்லூரிப் பையன்களை ஊரார் ஆளுக்கொருவராக வீட்டில் வைத்துக்கொள்வார்கள். ஓஸ்டர் வீட்டுக்கு இந்த முறை வந்தவன் லூசியானாக்காரன் ரெமி. எதற்கெடுத்தாலும் சார், மேடம். ஆர்டிஸ் உருகிப்போனாள். விடாமல் தொடர்ந்து ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அடியாவது அடித்து ஊரின் பழைய சாதனையை அவன் தொட்டுவிட, வீட்டிலிருந்த நல்ல படுக்கை விரிப்பில் 'சாதனை மன்னன் ரெமி' என்று சிவப்புப் பெயின்டில் எழுதிவைத்தாள். அதை முறியடிக்க இன்னும் ஓர் ஆட்டத்தில் அடித்தால் போதும்.

அந்த ஆட்டத்தின் கடைசி வாய்ப்பில் ரெமி பந்தைத் தரையோடு தட்டினான். எதிரணிக்காரன் குனிந்தான்; பந்து அவன் கையுறையில் பட்டுத் தெறித்தது. ரெமி தப்பி ஓடி முதல் பேஸில் நின்றான். அரங்கமே திரும்பி மேலே, மெர்ல் உட்கார்ந்திருந்த ஸ்கோரர் அறையின் ஜன்னலைப் பார்த்தது.

மெர்ல் யோசித்தார். நாய் ஒன்று குரைத்து ஓய்ந்தது.

"பிழை," என்றார்.

ஆர்டிஸ் உற்சாகத்துக்கு ஆட்டவென்று கொண்டுவந்திருந்த மாட்டுமணியை பெஞ்சில் 'டங்'கென்று வைத்தாள். "யோவ் மெர்ல்! வீட்டுக்கு வருவேல்ல?"

வந்தார். கட்டிலில் அவர் பக்கம் அந்த விரிப்புதான் விரித்திருந்தது, எழுத்து மேலே தெரியும்படி.

மறுநாள் ஆட்டம் தொடங்கும்வரை தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம் என்பது விதி. அது ஊருக்கே தெரிந்திருந்தது. பெட்ரோல் போடப் போன இடத்தில், "மெர்ல், டயர்ல காத்து கம்மியா இருக்கு, மனசுல ஈரமும் கம்மிதான் போல," என்றான் கடைக்காரன். பாதிரியார் தெருவைக் கடந்து வந்து மன்னிப்பைப் பற்றிப் பேசினார்.

மறுநாள் மதியம் சமையலறையில் மெர்ல் நேராகவே கேட்டார். "தம்பி, நீ என்ன நினைக்கிற?"

ரெமி முள்கரண்டியைக் கீழே வைத்தான். "சார், அந்தப் பந்து என்கிட்ட வந்திருந்தா நான் பிடிச்சிருப்பேன் சார்."

"அப்ப?"

"பிழைதான் சார்."

ஆர்டிஸ் அவன் முன்னாலிருந்த கேக் தட்டை அப்படியே எடுத்துக்கொண்டாள். "நீயும் இந்தாளோட சேந்துட்டியா? ரெண்டு பேரும் கார்ன்ஃபிளேக்ஸ் சாப்பிடுங்க."

"சரிங்க மேடம்," என்றான் ரெமி.

இருவரும் அதைத்தான் சாப்பிட்டார்கள். பால்கூட அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சாயங்காலம் தீர்ப்பு மாறாமலே ஆட்டம் தொடங்கியது. சாதனை போனது போனதுதான். ரெமி வந்த முதல் பந்தையே வீசி அடித்தான். அது எல்லாருடைய தலைக்கும் மேலே பறந்து, டிராக்டர் கடை விளம்பரம் எழுதிய வேலியில் மோதி விழுந்தது. இரண்டாவது பேஸை அவன் நடந்தே தொட்டிருக்கலாம்.

ஆர்டிஸ் பெஞ்சில் ஏறி நின்று அண்ணாந்து கத்தினாள். "இதுக்கும் யோசிக்கணுமாய்யா?"

மெர்ல் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "அடி," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நல்ல அடி."

அரங்கமே நிமிர்ந்து பார்த்தது. 'நல்ல' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அதுவரை யாரும் கேட்டதில்லை. ஆட்டுவதற்காக ஓங்கிய மணியோடு ஆர்டிஸின் கை அந்தரத்தில் நின்றது.

"அப்போ என் கேக்கு?"

மெர்ல் யோசித்தார். நடுவர்கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

"பரவாயில்ல."