ஈயத் தகட்டில் கீறிய கேள்வி

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒருவரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது, ஆனபடியால் மெல்லத்தான் எழுதுவேன்.

2008 ஒக்ரோபர், வெள்ளிக்கிழமை. காலை ஏழு ஐம்பதுக்கு, ஜெர்மனியில் நான் இருக்கும் ஆஹெனில் றெயின் ஏறி, கெல்னில் மாறினேன். பெர்லின் அறுநூறு கிலோமீற்றருக்கு மேல். போக இருபத்தொன்பது யூரோ, வர இருபத்தொன்பது. திரும்புகிற றெயின் ஞாயிறு பதினொன்றரைக்கு. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி ஹனோவரில் இறங்கும்போது தலையசைத்தாள். வீட்டுக்காரர் செத்த பிறகு, ஆஹெனில் சில நாள் எனக்கு அதுவும் கிடைப்பதில்லை.

கைப்பையில் இரண்டு பொட்டலம் வைத்திருந்தேன். ஊரில் பூக்கட்டிப் பார்ப்போம்: ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு, சாமிக்கு முன் வைத்து ஒரு பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்போம். வெள்ளை வந்தால் பெர்லினில் மகளோடு இருப்பது. சிவப்பு வந்தால் ஆஹெனுக்கே திரும்புவது. மகள் வந்து இரு என்று சொன்னதில்லை. கேட்க எனக்கு வாய் வராது. சாமி சொன்னால் ஆர் மறுப்பார்கள்?

சனி பத்து மணிக்கு, மகளின் மகள் துளசி ஒரு நூதனசாலைக்குக் கூட்டிப் போனாள். பழைய கிரேக்கக் கோயில் ஒன்றைப் பற்றிய கண்காட்சி. அவள் ஜெர்மனில் வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள்.

"டொடோனா எண்ட இடம், அம்மம்மா. முதல்ல கோயில் இல்லை, ஒரு ஓக் மரம்தான். இலை சலசலக்கிறதைக் கேட்டுப் பூசாரிமார் வாக்குச் சொல்லுவினமாம். அவை கால் கழுவுறேல்லையாம், வெறுநிலத்தில படுப்பினமாம்."

"கால் கழுவாமல் சாமிக்குக் கிட்டப் போறதோ? நல்ல பூசாரிமார்."

பிறகு மரத்தடியில் கல்லால் கோயில் கட்டினார்களாம். ரோமர் வந்து கொளுத்தினார்களாம். கடைசியில் மரத்தையும் தறித்துவிட்டார்களாம்.

கண்ணாடிக்குள் விரலளவு ஈயத் தகடுகள், ஓலைபோலச் சுருட்டி விரித்தவை. சாமியிடம் கேட்க வந்தவர்கள் கேள்வியை அதில்தான் கீறிக் கொடுப்பார்களாம். களவெடுத்தது ஆர், பிள்ளை பிறக்குமோ, இடம் மாறிப் போய் இருக்கட்டோ.

"ராசாக்கள் கேட்டதோ?"

"இல்லை, சும்மா சனங்கள். எழுத்தைப் பாருங்கோ, கோணல் மாணலா, உங்கடை எழுத்து மாதிரி."

"அடி வாங்கப் போறாய். மறுமொழி எங்கை?"

"கனக்கக் கேள்வியளுக்கு மறுமொழி இல்லையாம், அம்மம்மா. கேள்விதான் மிஞ்சியிருக்கு."

நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. இடம் மாறிப் போய் இருக்கட்டோ என்று கேட்ட மனிசரும் என்னைப்போல ஒரு வீட்டில் தனிய இருந்திருக்கலாம். எழுத்து வராத கையால் ஈயத்தில் கீறி, நேராகக் கேட்டிருக்கிறார். நான் சாமியிடமே கள்ளம் செய்ய நினைத்தவள். என் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூதான் இருந்தது.

வெளியே வந்து முற்றத்து மரத்தடியில் இரண்டையும் கொட்டினேன். "ஏன் அம்மம்மா?" என்றாள் துளசி. "வாடிப்போச்சு" என்றேன்.

இன்று ஞாயிறு, காலை எட்டரை. பெட்டி கதவடியில் இருக்கிறது. மகளே, ஆஹெனில் எனக்குத் தனிய இருக்க ஏலாது. நான் உன்னோடு இருக்கட்டோ?

துளசி, உன் அம்மா குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிறா. நான் எழுதின இந்தக் கடதாசியை அவவுக்குக் கேட்கிற மாதிரி முதலில் இருந்து வாசி, பிள்ளை.